தொலைவில் ரசாயனம் கொட்டினால் நம் குழாய்த் தண்ணீருக்கு என்ன ஆகும்? ஓஹையோ ஆற்றங்கரைத் தமிழர்கள் கேட்ட கேள்விகள்

2023 பிப்ரவரி 3 இரவு, ஓஹையோ மாநிலத்தின் கிழக்கு எல்லையில் உள்ள ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம் புரண்டது. 38 பெட்டிகள் கவிழ்ந்தன. அவற்றில் 11 பெட்டிகளில் ஆபத்தான ரசாயனங்கள் இருந்தன. அந்த வாரம் முழுக்க எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் சின்சினாட்டி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கேட்டன. ஊரிலிருந்து அவர்களுடைய அம்மா அப்பாக்களும் கேட்டார்கள். அதன் பிறகு எங்கே எது கொட்டினாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்ததை அதன் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, ரயில் கவிழ்ந்தது எங்கேயோ ஒரு ஊர்ல. எங்க வீட்டுக் குழாய்க்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஆறுதான். ஈஸ்ட் பாலஸ்டைனில் தண்டவாளத்தின் ஓரமாகச் சல்ஃபர் ரன் என்ற ஓடை போகிறது. அது லெஸ்லி ரன் ஓடையில் விழும். அங்கிருந்து புல் கிரீக், பிறகு லிட்டில் பீவர் கிரீக், கடைசியில் ஓஹையோ ஆறு. ஓஹையோ ஆற்றின் கரையில் 50 லட்சம் பேருக்குக் குடிநீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. சின்சினாட்டி மாநகரத் தண்ணீரில் பெரும்பகுதியும் அப்படித்தான்.

நிலப்படத்தில் மைல் கணக்குப் பார்ப்பதால் பயனில்லை. கொட்டிய இடத்திலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, நம் ஊரின் இன்டேக், அதாவது ஆற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் வாய், அதற்குக் கீழே இருக்கிறதா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10 மைல் தள்ளி இருந்தாலும் நீரோட்டத்துக்கு மேலே இருக்கும் ஊருக்கு ஒன்றும் ஆகாது. 400 மைல் கீழே இருக்கும் ஊருக்கு ஆகலாம்.

அவ்வளவு பெரிய ஆறு. ஆற்றில் கரைத்த புளி மாதிரி காணாம போயிடாதா?

பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆற்றில் விநாடிக்கு 20 லட்சம் லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓஹையோ ஆற்றுக்கு இது மிகையான கணக்கு இல்லை. 10,000 லிட்டர் ரசாயனம் அதில் விழுந்து, ஒரு நாள் முழுக்கப் பரவி நம் ஊரைக் கடக்கிறது. அப்போது அதன் செறிவு ஏறக்குறைய 60 பிபிபி, அதாவது நூறு கோடியில் அறுபது பங்கு. ஒரு பிபிபி என்றால் 10 லட்சம் லிட்டரில் ஒரு கிராம். சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 83 வந்து நின்றால், அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம்.

60 பிபிபி கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஆனால் குடிநீரில் பென்சீனுக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் உச்ச அளவு 5 பிபிபி. அந்த ரயிலில் இருந்த வினைல் குளோரைடுக்கு 2 பிபிபி. அதே 60 பிபிபி வேறொரு பொருளாக இருந்தால் கவலையே இல்லாமல் போகலாம். ஆறு எவ்வளவு பெரியது என்பதோடு, கொட்டியது எது என்பதையும் கேட்க வேண்டும். புளிக்கு ஒரு நியாயம், நஞ்சுக்கு ஒரு நியாயம்.

தொலைவுல இருந்து வந்து நிஜமாவே பாதிச்சிருக்கா? இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

நிஜமாகவே பாதித்திருக்கிறது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாஸல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க அடித்த தண்ணீர், பூச்சிக்கொல்லிகளை ரைன் ஆற்றுக்குள் அடித்துப் போனது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நீளத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. நாடு கடந்து நெதர்லாந்து வரைக்கும் இன்டேக்குகளை மூடினார்கள். 2005 நவம்பர் 13 அன்று சீனாவின் ஜிலின் நகரில் பெட்ரோ ரசாயன ஆலை வெடித்து, சுமார் 100 டன் பென்சீனும் நைட்ரோபென்சீனும் சோங்ஹுவா ஆற்றில் கலந்தன. அதற்குப் பல நூறு கிலோமீட்டர் கீழே இருக்கும் ஹார்பின் பெருநகரத்தில் நான்கு நாள் குழாய்த் தண்ணீரையே நிறுத்தினார்கள்.

நம் ஆற்றிலேயும் நடந்ததுண்டு. 1988 ஜனவரி 2 அன்று பிட்ஸ்பர்க் அருகே ஒரு டீசல் தொட்டி பிளந்து சரிந்து, ஏழரை லட்சம் கேலன் அளவுக்கு மொனங்காஹீலா ஆற்றில் கலந்து ஓஹையோவுக்குள் வந்தது. பென்சில்வேனியா, ஓஹையோ, மேற்கு வர்ஜினியா மூன்று மாநிலங்களிலும் குடிநீர் பாதிக்கப்பட்டது.

ரயில் விபத்து நடந்து எத்தனை நாள்ல இங்க வந்து சேர்ந்தது?

இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். பிப்ரவரி 3ல் விபத்து. சின்சினாட்டி தன் இன்டேக்கை மூடியது பிப்ரவரி 19, ஞாயிறு அதிகாலை. வேகம் ஆற்றைப் பொறுத்தது. கீழே நான் சொல்லப்போகும் 2014 கசிவு, மேற்கு வர்ஜினியாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஐந்தாறு நாளில் இங்கே வந்துவிட்டது. மழை பெய்து வெள்ளம் போனால் சீக்கிரம் வரும், ஆனால் அதிகம் கரைந்து வரும். கோடையில் ஆறு மெலிந்திருந்தால் மெதுவாக வரும், ஆனால் கெட்டியாக வரும்.

தொலைவு நமக்குத் தரும் பெரிய உதவி இந்த நாட்கள்தான். கரைவதை விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாதிரி எடுக்கலாம், தொட்டிகளை நிரப்பி வைக்கலாம், வரும் நேரத்தைக் கணக்கிடலாம். பக்கத்தில் கொட்டினால் இந்த நாட்கள் கிடையாது.

அப்போ 2023ல நம்ம குழாய்ல வந்துச்சா வரலையா? நேரா சொல்லுங்க.

சின்சினாட்டிக் குடிநீரில் அந்த ரசாயனங்கள் பிடிபடவில்லை. ஆற்றில் மேல் பகுதியில், ரயிலில் இருந்த பியூட்டைல் அக்ரிலேட் என்ற ரசாயனம் கொஞ்சம் தென்பட்டது, 3 பிபிபி அளவில். அப்போது அரசு வைத்துக்கொண்ட எச்சரிக்கை அளவு 560 பிபிபி. இங்கே வரும்போது அதுவும் அளவிட முடியாதபடி கரைந்திருந்தது. இருந்தும் மூடினார்கள். அதைச் சரியான முடிவு என்றுதான் சொல்வேன்.

விபத்து நடந்த ஊரைப் பற்றி இப்படி லேசாகச் சொல்ல முடியாது. அந்த ஓடைகளில் சுமார் 43,000 மீன்களும் மற்ற நீர்வாழ் உயிர்களும் செத்தன என்று ஓஹையோ இயற்கை வளத் துறை கணக்கிட்டது. நமக்கு ஒன்றும் வரவில்லை என்ற நிம்மதியில் அந்த ஊரை மறந்துவிடாதீர்கள்.

இன்டேக்கை மூடிட்டா குழாய்ல தண்ணி எப்படி வந்துச்சு? நான் அன்னிக்குக் குளிச்சேனே!

முன்கூட்டியே தேக்கி வைத்த தண்ணீர். செய்தி வந்ததும் தொட்டிகளையும் தேக்கங்களையும் நிரப்பிக்கொண்டார்கள். அது தவிர, சின்சினாட்டிக்கு இரண்டு ஊற்றுக்கண். பெரும்பகுதி ஆற்றிலிருந்து மில்லர் நிலையம் வழியாக வருகிறது. மேற்குப் பக்கத்துப் பகுதிகள் சிலவற்றுக்குக் கிரேட் மயாமி நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து போல்டன் நிலையம் வழியாக வருகிறது. உங்கள் வீட்டுக்கு எது என்று தண்ணீர்த் துறையைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு குடிநீர் அமைப்பும் ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் தர அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். அதிலும் இருக்கும்.

எல்லா ஊருக்கும் இந்த வசதி இல்லை. தேக்கம் சிறியதாக இருந்து, ஒரே ஆறு, ஒரே இன்டேக் என்றால், மூடவும் முடியாது, திறந்து வைக்கவும் முடியாது என்ற நிலை வரும். 2014ல் அதுதான் ஆனது.

ஆத்துல என்ன வருதுன்னு யாராவது பார்த்துக்கிட்டே இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஓர்சான்கோ என்று ஓர் அமைப்பு. ஓஹையோ ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் மாநிலங்கள் 1948ல் சேர்ந்து உருவாக்கியது. தலைமையகம் நம் சின்சினாட்டியில்தான் இருக்கிறது. 1977ல் மேற்கு வர்ஜினியாவின் கனாவா ஆற்றில் டன் கணக்கில் கார்பன் டெட்ராகுளோரைடு கலந்து, யாருக்கும் தெரியாமல் ஓஹையோவில் இறங்கி, குடிநீர் வரை வந்துவிட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1978ல் ஆற்றோரத் தண்ணீர் நிலையங்களில் கண்காணிப்புக் கருவிகளை வைத்தார்கள். கலந்திருக்கும் ரசாயனங்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி தினமும் தண்ணீரைச் சோதிக்கிறது. மேலே ஒரு நிலையம் பிடித்தால் கீழே இருக்கும் எல்லோருக்கும் தகவல் போகும்.

இதில் ஒரு குறையும் உண்டு. கருவி தேடும்படி சொல்லி வைத்த பொருட்களைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். பட்டியலில் இல்லாத பொருள் வந்தால், கொட்டியவர்கள் உண்மையைச் சொன்னால்தான் சீக்கிரம் தெரியவரும்.

யாருக்கும் தெரியாமலே இன்டேக்குக்குள்ள வந்துட்டா?

அதுதான் 2014 ஜனவரி 9 அன்று சார்ல்ஸ்டனில் நடந்தது. எல்க் ஆற்றங்கரையில் ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் பழைய தொட்டி ஓட்டையாகி, நிலக்கரி கழுவப் பயன்படும் எம்.சி.ஹெச்.எம். என்ற ரசாயனம் சுமார் 10,000 கேலன் கசிந்தது. ஒன்றரை மைல் கீழே அந்தப் பகுதி முழுமைக்குமான இன்டேக் இருந்தது. முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. அக்கம்பக்கத்து மக்களின் மூக்கு. காலையிலேயே காற்றில் அதிமதுர மிட்டாய் வாசனை. நம் வீட்டு மொழியில் சொன்னால் சோம்பும் இனிப்பும் கலந்த நெடி. அவர்கள் புகார் சொன்ன பிறகுதான் அதிகாரிகள் போய்த் தொட்டியைப் பார்த்தார்கள்.

தண்ணீர் நிறுவனம் இன்டேக்கை மூடவில்லை. கடுங்குளிரில் குழாய்கள் உடைந்து தேக்கம் வற்றியிருந்தது. மூடினால் தீயணைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது என்றார்கள். கரி கலந்து வடிகட்டிவிடலாம் என்று பார்த்தார்கள். கரி தாங்கவில்லை. மாலையில், ஒன்பது மாவட்டங்களில் 3 லட்சம் பேருக்குத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குளிக்காதீர்கள், தொடவே வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. கழிப்பறைக்கும் தீயணைக்கவும் மட்டும்தான் அனுமதி. நாட்கள் கழித்துப் பகுதி பகுதியாகத்தான் அந்தத் தடை விலகியது. தொட்டியில் இன்னொரு ரசாயனமும் கலந்திருந்தது என்பதை அந்த நிறுவனம் ஜனவரி 21 அன்றுதான் சொன்னது. பன்னிரண்டு நாள் கழித்து! நீர்ப் பரிசோதனை செய்தவள் என்ற முறையில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான். என்ன கலந்தது என்று தெரியாமல் எதைத் தேடிச் சோதிப்பது?

அந்த ரசாயனம் ஓஹையோவில் இறங்கி நம் பக்கமும் வந்தது. நம் ஊர் அதற்கு முன்பே இன்டேக்கை மூடிக்கொண்டது. நமக்கு முன்னெச்சரிக்கை கிடைத்ததற்குக் காரணம், மேலே 3 லட்சம் பேர் அதை முதலில் அனுபவித்ததுதான்.

நான் ஆத்துலேர்ந்து ரொம்பத் தள்ளி மலைமேல இருக்கேன். எனக்கும் வருமா?

குழாய் வந்தால் ரசாயனமும் வரும். மேலே சொன்ன ஒன்பது மாவட்டங்களில் பலருடைய வீடுகள் எல்க் ஆற்றிலிருந்து மிகத் தொலைவில் இருந்தன. தங்கள் தண்ணீர் அந்த ஆற்றிலிருந்து வருகிறது என்பதே அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

கொதிக்க வெச்சுக் குடிச்சா போதாதா? ஊர்ல அப்படித்தானே பண்ணுவோம்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பதில்: போதாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ரசாயனம் சாகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் சில ரசாயனங்களின் செறிவு கூடும். வேறு சில ஆவியோடு சேர்ந்து எழுந்து சமையலறைக் காற்றில் கலக்கும், நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள்.

அறிவிப்பின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்றால் கிருமி பற்றிய பயம். "குடிக்காதீர்கள்" என்றால் குளிக்கலாம், துவைக்கலாம். சமையலுக்கும் பல் துலக்கவும் கூடாது. "பயன்படுத்தாதீர்கள்" என்றால் எதற்கும் கூடாது. மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் அடுப்பைப் பற்றவைப்பது நம் வீடுகளில் பழகிப்போன தவறு.

எங்க வீட்டுல ஆர்.ஓ. இருக்கு, பிரிட்டா ஜாடியும் இருக்கு. அப்போ பயமில்லைதானே?

பிரிட்டா என்ற வடிகட்டும் ஜாடிக்குள் இருப்பது ஒரு கைப்பிடி கரி. அன்றாடக் குளோரின் வாசனைக்கு நல்லது. சின்சினாட்டி நிலையத்தில் 1992 முதல் இருக்கும் கரித் தொட்டிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பெரிய அளவில், நாள்தோறும் சோதித்து, கரியைப் புதுப்பித்துச் செய்கின்றன. அந்தக் கரிக்கே 2014ல் சார்ல்ஸ்டனில் என்ன ஆனது என்று மேலே படித்தீர்கள்.

ஆர்.ஓ. உப்பையும் உலோகங்களையும் நன்றாகப் பிரிக்கும். சிறிய மூலக்கூறு கொண்ட கரிமக் கரைப்பான்கள் சில அதன் சவ்வைத் தாண்டிவிடும். அறிவிப்பு வந்த நாளில் இரண்டையும் நம்பாதீர்கள். பாட்டில் தண்ணீர் வாங்குங்கள்.

வினைல் குளோரைடு புற்றுநோய் வரவைக்கும்னு சொல்றாங்களே அக்கா. அதுவும் ஆத்துல வந்ததா?

அது புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. நீண்ட காலம் அதனோடு வேலை செய்தவர்களுக்குக் கல்லீரலில் ஓர் அரிய புற்றுநோய் வந்திருக்கிறது. ஆனால் அது மைனஸ் 13 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த ஆற்றில் நெடுந்தூரம் தங்காது, காற்றுக்குப் போய்விடும். அதனால்தான் ஆற்றோடு நீண்ட தூரம் போனது பியூட்டைல் அக்ரிலேட். மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் மாட்டிக்கொண்டால் நிலைமை வேறு. அங்கே காற்று இல்லை, ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

எரிச்சு விட்டாங்களே, அந்தக் கரும்புகை மழையா நம்ம மேல விழுந்திருக்காதா?

பிப்ரவரி 6 அன்று ஐந்து வினைல் குளோரைடு தொட்டிகளைத் திறந்துவிட்டு எரித்தார்கள். அப்படி எரித்திருக்க வேண்டியதில்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துப் பிறகு சொன்னது. மழை நீரை ஆராய்ந்தவர்கள் அந்த விபத்தின் தடத்தை 16 மாநிலங்களில் கண்டார்கள். குளோரைடு வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. குடிநீரைக் கெடுக்கும் அளவு அதில் இல்லை. நஞ்சு இவ்வளவு தூரம் பறந்ததே என்று வருத்தப்படலாம். அதற்காகக் குழாயைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எங்கட சுன்னாகத்தில கிணத்துக்குள்ள எண்ணெய் வந்தது. இங்கயும் எங்களுக்குக் கிணறுதான். அது மாதிரி நடக்குமோ, பிள்ளை?

யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் கேட்டார். சுன்னாகம் மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019ல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக் கல். அதில் பொந்தும் வெடிப்பும் இருப்பதால் எண்ணெய் வேகமாகப் பரவும்.

இங்கே பெரும்பாலும் மணலும் சரளையும் களியும். நிலத்தடி நீர் மிக மெதுவாக நகரும். அதனால் 100 மைல் தள்ளி நடந்த விபத்து உங்கள் கிணற்றைத் தொடாது. உங்கள் தெருவிலேயே இருக்கும் பழைய பெட்ரோல் பங்க் தொடலாம். தனியார் கிணறுகளின் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி அமெரிக்கக் குடிநீர்ச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஐயா, நீங்களே ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பக்கத்தில் கசிவு என்று தெரிந்தால் உடனே சோதிக்க வேண்டும். கிருமிச் சோதனை மட்டும் போதாது, ஆவியாகும் கரிமப் பொருட்களுக்கான சோதனை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அறிவிப்பு வந்த உடனே கடைக்கு ஓடணுமா?

முதலில் எத்தனை மணியிலிருந்து என்று பாருங்கள். 2023 மார்ச் 24 அன்று பென்சில்வேனியாவின் பிரிஸ்டலில் ஓர் ஆலையிலிருந்து டெலவேர் ஆற்றுக்குள் ரசாயனம் கலந்தது. அதிலும் பியூட்டைல் அக்ரிலேட் இருந்தது. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 மணியிலிருந்து பாட்டில் தண்ணீர் குடிப்பது நல்லது என்று ஃபிலடெல்ஃபியாவில் கைபேசிகளுக்குச் செய்தி போனது. சில மணி நேரத்தில் கடைகளில் பாட்டிலே இல்லை. பிறகு நள்ளிரவு வரை குடிக்கலாம் என்றார்கள், மறுபடி நீட்டினார்கள், செவ்வாயன்று ஆபத்தில்லை என்று முடித்தார்கள். குடிநீரில் எதுவும் பிடிபடவில்லை.

கெடு நேரம் கொடுத்திருந்தால் அதற்குள் வீட்டிலுள்ள குடம், குக்கர், அண்டா எல்லாவற்றையும் குழாயிலேயே பிடித்து மூடி வையுங்கள். நம் வீடுகளில் பாத்திரத்துக்கா பஞ்சம்? கடையிலிருக்கும் பாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகட்டும்.

தண்ணி சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கலாமா?

இன்னும் சில நாள் பாட்டில் தண்ணீரிலேயே கலக்குங்கள். 2014ல் தண்ணீர் குடிக்கலாம் என்று அறிவிக்கத் தொடங்கிய பிறகும், கர்ப்பிணிகள் பாட்டில் தண்ணீரைப் பற்றி யோசிக்கட்டும் என்று மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனியாகச் சொன்னது. குழந்தை தன் எடைக்கு நம்மைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறது. அம்மா பதறுகிறாள் என்று யாரும் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

குழாய்க்குள்ளேயே பழைய தண்ணி தங்கியிருக்குமே. அதை என்ன பண்றது?

திறந்து ஓடவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று அந்தந்த ஊர் சொல்லும். சார்ல்ஸ்டனில் வெந்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் 15 நிமிடம், பிறகு குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களை 5 நிமிடம் திறக்கச் சொன்னார்கள். வெந்நீரில் நெடி கிளம்பும் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.

பலர் மறப்பது ஃபிரிட்ஜை. அதில் தானாக விழும் ஐஸ் கட்டிகள் அந்தப் பழைய தண்ணீரில் உறைந்தவை. எல்லாவற்றையும் கொட்டுங்கள். அடுத்து உறையும் முதல் தட்டையும் கொட்டுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் வடிகட்டியையும் மேலே சொன்ன ஜாடியின் கரியையும் மாற்றுங்கள். ஆர்.ஓ. இருந்தால் அதன் தொட்டியில் நிற்கும் தண்ணீரையும் முழுக்க வடித்துவிடுங்கள்.